சாலிட் ஸ்டேட் கிட்டார் ஆம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலிட் ஸ்டேட் ஆம்ப் என்றால் என்ன? ட்யூப் ஆம்ப்பிலிருந்து எதில் வேறுபடுகிறது?

கிட்டார் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) வரும் சிக்னல் மிகச் சின்னது. அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெரிதாக்குவதுதான் ஆம்ப்பின் வேலை. கண்ணாடிக் குழாய்க்குள் சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை வைத்து அந்த வேலையைச் செய்தால் அது ட்யூப் ஆம்ப் (பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு என்பார்கள்), டிரான்சிஸ்டரும் ஐசியும் (ஒரே சில்லுக்குள் அடங்கிய சர்க்யூட்) வைத்துச் செய்தால் சாலிட் ஸ்டேட். ட்யூபுக்கு 300, 400 வோல்ட் வேண்டும், அதை ஸ்பீக்கரோடு இணைக்கக் கனமான ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு அதெல்லாம் வேண்டாம், குறைந்த வோல்டேஜில் நேராக ஸ்பீக்கரை ஓட்டிவிடும். எடை, விலை, சூடு, சத்தத்தின் குணம் என்று பின்னால் வரும் பெரும்பாலான வித்தியாசங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இப்போது கடைகளில் அதிகம் தென்படும் பாஸ் கட்டானா போன்ற ஆம்ப்கள் டிஜிட்டல் மாடலிங் வகை. அவற்றின் பவர் பகுதி சாலிட் ஸ்டேட்தான், ஆனால் சத்தத்தை உருவாக்குவது உள்ளே ஓடும் புரோகிராம். அது தனிக் கதை. இங்கே பேசுவது அனலாக் ஆம்ப்களைப் பற்றி.

அப்புறம் ஏன் இதற்கு இவ்வளவு கெட்ட பெயர்?

பாதிக் காரணம் வரலாறு, மீதிப் பாதி ஸ்டார்ட்டர் கிட். டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, கிட்டார் ஆம்ப் செய்பவர்கள் பெரிய அளவில் அதன் பக்கம் திரும்பியது 60களில். ஃபெண்டர் கம்பெனியை 1965ல் சிபிஎஸ் வாங்கியது, அடுத்த வருடம் டிரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்று வெளிவந்தது, சில வருடங்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் சூடு தாங்காது. சூடானால் கூடுதல் கரண்ட் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும், கடைசியில் கச்சேரி நடுவிலேயே ஆம்ப் படுத்துவிடும். போதாக்குறைக்கு, வடிவமைத்தவர்கள் வீட்டு ஹை-ஃபை செட் செய்கிற மாதிரியே யோசித்தார்கள்: சத்தம் சுத்தமாக வந்தால் சரி, எல்லை தாண்டினால் எப்படிக் கேட்கும் என்பதைப் பற்றிக் கவலை இல்லை. கிட்டார்காரர்களோ அதே வருடங்களில்தான் ஆம்ப்பை வேண்டுமென்றே எல்லை தாண்டித் திருகி வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். தப்பான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது பாவம்.

இரண்டாவது காரணம், முதல் கிட்டாரோடு இலவசமாக வரும் அந்தப் 10 வாட் டப்பா. பெரும்பாலானோர் வாழ்க்கையில் கேட்கும் முதல் சாலிட் ஸ்டேட் ஆம்ப் அதுதான். கொசு பறக்கிற மாதிரி டிஸ்டார்ஷன் (சத்தம் உடைந்து வரும் கரகரப்பு) வரும். அதில் இருப்பது ஐந்தாறு அங்குல ஸ்பீக்கர், மெல்லிய பலகையில் செய்த சின்னப் பெட்டி. அதற்குள் உலகத்திலேயே விலை உயர்ந்த ட்யூபைச் சொருகினாலும் பெரிய மாற்றம் வராது. ஸ்பீக்கர் அவுட் இருக்கிற மாடலாக இருந்தால், ஓம் (மின்தடை அளவு) பொருந்துகிற ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட்டில் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். இத்தனை நாள் டிரான்சிஸ்டரைத் திட்டியதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குச் சேர வேண்டியது என்று தெரிந்துவிடும்.

சரி, ட்யூப் வாங்கக் காசு இருக்கிறவர்கூட சாலிட் ஸ்டேட்டைத் தேடிப் போக என்ன காரணம்?

முதலில், தெளிவு. நிறைய வால்யூம் வைத்தாலும் க்ளீன் சத்தம் (கரகரப்பு இல்லாத சத்தம்) உடையாமல் நிற்கும், அடர்த்தியான ஜாஸ் கார்டு ஒன்றை அடித்தால் அதிலுள்ள ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். ட்யூப் ஆம்ப் கொஞ்சம் திருகியதுமே ஓரங்களைக் குழைக்க ஆரம்பித்துவிடும். ப்ளூஸுக்கு அது அழகு, எல்லாவற்றுக்கும் அல்ல.

அடுத்தது வேகம். பிக் கம்பியில் பட்ட கணமே சத்தம் வெளியே வரும். மெட்டல் இசையில் இறுக்கமாகப் பாம்-மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி) வாசிப்பவர்களுக்கும் ஃபங்க் ரிதம் வாசிப்பவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. இதில் ஒரு தண்டனையும் உண்டு. கை தடுமாறினால் ஆம்ப் மறைத்துக் கொடுக்காது, எல்லாம் அப்படியே வெளியே கேட்கும்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது, வால்யூம் 2ல் வரும் டோனும் 6ல் வரும் டோனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது. 100 வாட் ட்யூப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வைத்திருப்பவர்களில் பலர் அதன் நல்ல சத்தத்தை வீட்டில் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது பவர் ட்யூப்களை நன்றாக உழைக்க வைத்த பிறகுதான் வரும். அந்த வால்யூமுக்கு வந்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்திருப்பார்.

சாலிட் ஸ்டேட் ஆம்ப்பை "ட்யூபுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறதா" என்று அளப்பதே தப்பு என்பது என் கட்சி. ட்யூபைப் போல நடிக்காதவைதான் இந்த வகையில் தலைசிறந்து நிற்கின்றன.

எல்லோரும் ஜாஸ் கோரஸ், ஜாஸ் கோரஸ் என்கிறார்களே, அதில் அப்படி என்ன?

ஜாஸ் கோரஸ் என்பது ரோலண்ட் கம்பெனியின் ஜேசி-120 ஆம்ப், 1975ல் வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் உற்பத்தியில் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு 60 வாட் பவர் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். கோரஸை ஆன் செய்தால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் சத்தம் அப்படியே வரும், இன்னொன்றில் மிகச் சிறிய தாமதத்தோடு, சுருதி லேசாக ஏறி இறங்கும் நகல் வரும். இரண்டும் கலப்பது ஆம்ப்புக்குள் அல்ல, அறைக் காற்றில். அதனால்தான் ஆம்ப்பின் முன்னால் நின்று கேட்பதற்கும், அதை மைக் வைத்து மோனோவில் பதிவு செய்து கேட்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். அந்தச் சர்க்யூட்டை மட்டும் தனியே எடுத்து 1976ல் பாஸ் சிஇ-1 என்று விற்றார்கள், கோரஸ் பெடல் (காலால் தட்டி ஆன் செய்யும் எஃபெக்ட் பெட்டி) என்ற ஒரு வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

யார் யார் வாசித்தார்கள் என்று பார்த்தால் பட்டியல் விசித்திரமாக இருக்கும். த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், த ஸ்மித்ஸின் ஜானி மார், அப்புறம் க்ளீன் பகுதிகளுக்காக மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். முகத்தில் பிரம்மாண்டமான ட்யூப் டிஸ்டார்ஷனை எறியும் ஒரு குழு, அமைதியான பகுதி வந்ததும் டிரான்சிஸ்டர் பக்கம் போகிறது என்றால் அந்தத் தெளிவு அவர்களுக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

குறை இல்லையா என்றால் உண்டு. பழைய ஜேசிகளில் பின்னணியில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் நன்றாகவே கேட்கும். டிஸ்டார்ஷன் என்று ஒரு குமிழ் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. எடை சுமார் 28 கிலோ. டிரான்சிஸ்டர் என்றாலே லேசு என்று நம்பித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேறு பெரிய ஆட்கள் யாராவது?

பி. பி. கிங் பல காலம் மேடையில் வைத்திருந்தது லேப் சீரிஸ் எல்5. அது 70களின் பிற்பகுதியில் வந்த சாலிட் ஸ்டேட் ஆம்ப். ப்ளூஸ் என்றால் ட்யூப் மட்டும்தான் என்று சண்டை போடுகிறவர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஜாஸில் ஜோ பாஸ் போன்றோர் வாசித்தது பாலிடோன் கம்பெனி ஆம்ப். க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஜான் ஃபோகர்ட்டி கஸ்டம். மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன் சன் பீட்டா லீட். பேஸ் கிட்டாரில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் அகூஸ்டிக் 360. பேஸ் வாசிப்பவர்கள் இந்த விவாதத்தையே எப்போதோ முடித்துவிட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது உடையாத பவர், அது டிரான்சிஸ்டரில் மலிவாகக் கிடைக்கிறது.

மெட்டலில் பான்டேராவின் டைம்பேக் டாரல். 90களில் அவர் ராண்டால் சாலிட் ஸ்டேட் ஹெட்களில் எடுத்த அந்த ரம்பம் அறுக்கும் சத்தத்தை ட்யூப் ஆம்ப்பில் எடுக்க முயல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முழுதாக வருவதில்லை.

ஆனால் டிஸ்டார்ஷன் ட்யூபில்தானே நன்றாக இருக்கும்?

பெரும்பாலும் ஆமாம், ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆம்ப் தன் எல்லையைத் தொடும்போது அலையின் தலை வெட்டுப்படும். ட்யூப் எல்லையை நெருங்க நெருங்க மெதுவாக மழுங்கும், அதனால் மெல்ல வாசித்தால் க்ளீன், அழுத்தினால் கரகரப்பு என்று கைக்கு ஏற்ப மாறும். சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப்பில் பிழையைத் திருத்த நிறைய நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்புவது) போட்டிருப்பார்கள், அதனால் கடைசி நொடி வரை படு சுத்தமாக வந்து எல்லையில் படீரென்று தட்டையாக வெட்டும். காதுக்கு அது கண்ணாடி உரசுகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் ஒழுங்காகச் செய்த சாலிட் ஸ்டேட் ஆம்ப் எதிலும் பவர் பகுதியை உடைய விடமாட்டார்கள். டிஸ்டார்ஷனை முன்னாலேயே, ப்ரீஆம்ப்பில் (பவர் பகுதிக்கு முந்தைய கட்டம்), டையோடுகளையும் ஜெஃபெட்களையும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வைத்துப் படிப்படியாகச் செய்துகொள்வார்கள். பீவி கம்பெனியின் பாண்டிட் ஆம்ப்களில் 90களில் வந்த டிரான்ஸ்ட்யூப் சர்க்யூட் இந்த வழியில் கவனமாகச் செய்த ஒன்று. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ட்யூப் சத்தத்தின் உச்சம் என்று பலர் கும்பிடும் ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான், ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் வைத்திருந்தார். பெயரில்தான் ட்யூப். உள்ளே இருப்பது ஒரு ஆப்-ஆம்ப் ஐசி, அதன் ஃபீட்பேக்கில் இரண்டு சிலிக்கான் டையோடு. ஹெண்ட்ரிக்ஸின் ஃபஸ் ஃபேஸ் பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர். ராக் இசையில் நாம் ரசித்த டிஸ்டார்ஷனில் கணிசமான பங்கு அரைக்கடத்தியிலிருந்துதான் வந்தது, அது ட்யூப் ஆம்ப் வழியாக வெளியே வந்ததால் பெயர் முழுக்க ட்யூபுக்குப் போய்விட்டது.

ட்யூப் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ், டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் தரும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஹார்மோனிக்ஸ் என்பது மூல ஸ்வரத்தின் அதிர்வெண்ணைப் போல 2, 3, 4 என்று மடங்குகளில் கூடவே ஒலிப்பவை. ஒற்றை ட்யூபாக ஓடும் ப்ரீஆம்ப் கட்டத்தில் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் வரும், சரி. ஆனால் பெரிய ட்யூப் ஆம்ப்கள் எல்லாமே கிட்டத்தட்ட புஷ்-புல் முறையில் பவர் ட்யூப்களை ஜோடியாக ஓட்டுகின்றன, அந்த முறையில் பவர் கட்டத்தில் உருவாகும் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் வேறு வேறு அளவில் வெட்டினால் டையோடிலும் இரட்டைப்படை வரும். சர்க்யூட் எப்படிப் போட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

100 வாட் சாலிட் ஸ்டேட்டைவிட 30 வாட் ட்யூப் சத்தமாக இருக்கிறதே, எப்படி?

வாட் வாட்தான், அதில் சாதி கிடையாது. ட்யூப் ஆம்ப்பை நாம் உடைய விட்டு வாசிக்கிறோம், அப்போது அது தன் க்ளீன் கணக்கைத் தாண்டிய பவரைத் தள்ளும், ஓசையும் கம்ப்ரெஸ் ஆகி அடர்த்தியாகக் கேட்கும். சாலிட் ஸ்டேட்டை உடைய விடமாட்டோம் என்பதால் அதன் 100 வாட்டில் பெரும்பகுதி கம்பியை அடிக்கும் கணத்துக்கான இருப்பாகவே இருந்துவிடும்.

இன்னொன்று, வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கரை (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற சென்சிடிவிட்டி கணக்கு இது) எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்குகிறவர்கள் பலர் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ட்யூபில் ஒரு "ஃபீல்" இருக்கிறது என்கிறார்கள். அது மனப்பிரமையா?

இல்லை, அளந்து காட்டக்கூடியது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் கிட்டார் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருக்காது. அடிப்பக்கம் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதன் இம்பிடன்ஸ் (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை) பல மடங்கு எகிறும், மேல்பக்கம் ட்ரெபிளிலும் ஏறிக்கொண்டே போகும். ட்யூப் ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் இந்த மேடுபள்ளம் அப்படியே சத்தத்தில் ஏறும். அடியில் ஒரு உருண்டை, மேலே ஒரு மினுமினுப்பு. வழக்கமான சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடித்துத் தட்டையாக ஓட்டும். இது தெரிந்த கம்பெனிகள் ஸ்பீக்கருக்குத் தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டுக் கரண்ட் ஃபீட்பேக் எடுத்து, அதே குணத்தை டிரான்சிஸ்டரிலும் கொண்டுவந்துவிட்டார்கள். பாதி ஃபீல் அதிலேயே வந்துவிடும்.

மீதி, சாக் என்று சொல்லப்படுவது. ஓங்கி அடித்தால் ட்யூப் ஆம்ப்பின் சப்ளை வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து பிறகு எழும், கையில் அது மெத்தை மாதிரி தெரியும். இது பிடித்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை, போய் ட்யூபே வாங்கட்டும்.

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் எது பிழைக்கும்?

இந்தக் கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. சாலிட் ஸ்டேட். பவர் ட்யூப்கள் தேய்மானப் பொருள், அடிக்கடி கச்சேரி செய்தால் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றும்போது பயாஸ் (ட்யூப் சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட்டைத் தீர்மானிக்கும் வோல்டேஜ்) செட் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். உலகத்தில் ஆடியோ ட்யூப் பெரிய அளவில் தயாராகும் இடங்களே ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியா, சீனா என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கும். 2022ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததும் ரஷ்ய ட்யூப் வராது என்ற பயத்திலேயே உலகம் முழுக்க விலை ஏறியது. சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் போனது டிஎல்072 ஐசியோ 2என்3055 டிரான்சிஸ்டரோ என்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு காபி, டிபன் காசுக்குள் வாங்கிவிடலாம், மாற்றவும் ஆடியோ மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு.

லோ வோல்டேஜ் பிரச்சினையும் இருக்கிறது. கரண்ட் 230லிருந்து 190க்கு இறங்கினால் ட்யூபின் ஹீட்டர், ஹை வோல்டேஜ் இரண்டுமே சேர்ந்து இறங்கி டோனே மாறும். சாலிட் ஸ்டேட்டில் ப்ரீஆம்ப்புக்குப் போகும் 15 வோல்ட் பெரும்பாலும் ரெகுலேட் செய்யப்பட்டிருக்கும், பவர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டரை நம்பி வாசிக்கும் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்தால் என்ன ஆகும்?

ட்யூப் ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிய வாய்ப்பு உண்டு, அதுதான் அதில் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. சாலிட் ஸ்டேட்டுக்கு ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. அதன் எதிரி ஷார்ட்டும் குறைந்த ஓமும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால் 2 ஓம் கேபினெட்டைச் சொருகாதீர்கள். 16 ஓம் போட்டால் பத்திரம்தான், பவர் மட்டும் குறையும்.

பெடல்கள் ஒத்துப்போகுமா?

டிலே, ரிவெர்ப், கோரஸ் எல்லாம் பிரமாதம். ஃபஸ், ஓவர்டிரைவ் மாதிரி டிஸ்டார்ஷன் பெடல்களை வாசிக்கப் பழக வேண்டும், ட்யூப் ஆம்ப் அவற்றின் கரடுமுரடான மேல்பகுதியைத் தானே கொஞ்சம் மழித்துக் கொடுக்கும், இது கொடுக்காது. பெடலின் டோன் குமிழை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். முழு டோனையும் பெடல்போர்டிலேயே செய்துகொள்கிறவர் என்றால் ஆம்ப்பே வேண்டாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது, சீமோர் டங்கன் பவர்ஸ்டேஜ் 170 மாதிரி ஒரு கிளாஸ் டி பவர் ஆம்ப் பெடல்களோடு பெடலாகப் பலகையில் உட்கார்ந்து, 4 ஓமில் 170 வாட் வரை தரும்.

நானே திறந்து ரிப்பேர் செய்யலாமா?

சாலிட் ஸ்டேட் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாலிடரிங் தெரிந்தால், குமிழ்களின் பொட்டென்ஷியோமீட்டரைச் சுத்தம் செய்வது, ஜாக் மாற்றுவது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். கபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதா என்று இதிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ட்யூப் ஆம்ப்பைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஃபில்டர் கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லப் போதுமானது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிட்டார் சொருகாமல் ஆன் செய்து காதை வைத்துக் கேளுங்கள். தடித்த ஹம் வந்தால் பவர் சப்ளை கபாசிட்டர் காய்ந்திருக்கலாம், 30, 40 வருடப் பழைய ஆம்ப் என்றால் அது சகஜம், மாற்றச் செலவும் குறைவு, விலையில் அடித்துப் பேசுங்கள். ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள், கரகரத்தால் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும். அரை மணி நேரமாவது ஓட விட்டு வாசியுங்கள், சில கோளாறுகள் சூடான பிறகுதான் தலைகாட்டும். ஜேசி என்றால் கோரஸையும் வைப்ரேட்டோவையும் போட்டு இரண்டு ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பின்பக்கம் வோல்டேஜ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. அதை இங்கே நேராகச் சொருகினால் அங்கேயே முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் காசையும், அதைத் தூக்கித் திரியும் எடையையும் கணக்கில் சேர்த்துவிட்டு விலை பேசுங்கள்.